விட்டுப்போன ஐந்து

எங்கள் அண்ணிக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் மொத்தம் நாற்பது இருக்கும். அதில் பாதி மருந்துச் சீட்டில் வருவது, மீதி பேருந்திலும் கடையிலும் காதில் விழுந்தது. எழுத்துக் கூட்டி வாசிப்பார். அதற்கு மேல் தேவைப்படாமலே நாற்பத்தாறு வயதுவரை வாழ்ந்துவிட்டார். அதை ஒரு குறையாக்கி அவர் தலையில் கட்டியவன் நான். அவர் கணவருக்குக் கூடப்பிறந்த தம்பி, அதே வீட்டில் ஒரு அறையை அடைத்துக்கொண்டிருப்பவன். அண்ணியைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. தெரிந்துதான் எழுதுகிறேன்.

அண்ணி பத்தாவது படித்தவர். எட்டு வருஷம் சட்டைத் தொழிற்சாலையில் பட்டன் தைத்தார். கண் மங்க ஆரம்பித்ததும் அதை விட்டுவிட்டு, இரண்டு தெரு தள்ளி இருக்கும் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பெருக்கித் துடைக்கும் வேலைக்குச் சேர்ந்தார். துடைத்துக்கொண்டே கவுண்டரில் நடப்பதைப் பார்த்திருக்கிறார். ஒருநாள் கவுண்டர் பெண் வரவில்லை. வாசலில் கூட்டம். அண்ணி மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து, பதினொரு பேரைப் பதிந்துவிட்டார். திரை முழுக்கத் தமிழில் இருந்ததால் முடிந்தது. அடுத்த மாதத்திலிருந்து அந்த நாற்காலி அவருக்கு.

"அப்ப பட்டன் தெச்சேன், இப்ப பட்டன் அமுக்குறேன். ஊசி மட்டும் கைய விட்டுப் போச்சு," என்பார்.

சக்கரம் வைத்த அந்த நாற்காலிக்கு வீட்டிலிருந்து ஒரு பழைய தலையணை உறையை எடுத்துப்போய் மாட்டினார். வருகிறவர்களிடம் பெயர் கேட்பதற்கு முன்பே, "வெறும் வயிறுதானே? டீ குடிச்சீங்களா? பொய் சொன்னா ரத்தம் காட்டிக் கொடுத்துரும்," என்று மிரட்டுவார். பெரிய மனிதர்கள்கூட அசடு வழிந்துகொண்டு நாளை வருகிறேன் என்று திரும்பிப் போனதுண்டு. சம்பளம் ஒன்றும் அள்ளிக்கொட்டவில்லை. ஆனால் வீட்டில் அண்ணியின் நடை மாறியதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம்.

இப்போது என் கதை. பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் கணினிகளைப் பராமரிப்பவன். மாலையில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஒரு இலவச இயங்குதளத்துக்கு, சம்பளமில்லாத தன்னார்வலன். மென்பொருளைக் கணினியில் ஏற்றத் தோதாகக் கட்டிக் கொடுக்கும் வேலை. வீட்டில் அதற்கு வைத்த பெயர் பொட்டலம். "தம்பி உள்ள பொட்டலம் கட்டுறாரு, சத்தம் போடாதீங்க," என்று அண்ணி அண்ணனின் டிவியைக் குறைப்பார். அந்தத் திட்டத்தில் எனக்கு நானே வைத்துக்கொண்ட பெயர் நுட்பன். வீட்டில் யாருக்கும் அது தெரியாது. சொன்னால் அண்ணன் ஒரு வாரம் சிரிப்பான்.

பொட்டலத்துக்குப் பெயர் வைப்பதில்தான் எல்லாம் நடந்தது. பல நிரல்களுக்குப் பொதுவாக வேண்டிய சாமான்களைத் தனியே ஒரு லைப்ரரியாக வைத்திருப்பார்கள். "சேமிக்கவா, வேண்டாமா" என்று கேட்கும் சின்னப் பெட்டிகளைத் திரையில் காட்டுவதற்கு அப்படி ஒரு லைப்ரரி, பெயர் லிப்கேள்வி. அதன் பெயரோடு ஓர் எண் ஒட்டியிருக்கும். உள்ளே பெரிய மாற்றம் வந்தால் எண் கூடும். பழைய நிரல்களுக்கு நான்கு, புதியவற்றுக்கு ஐந்து. இரண்டும் ஒரே கணினியில் சண்டையில்லாமல் குடியிருக்கும். அந்தப் பெட்டிகளில் வரும் தமிழ்ச் சொற்கள் மட்டும் தனிப் பொட்டலம்: லிப்கேள்வி-மொழி. அதைக் கட்டுவது நான்.

ஐந்து வந்தபோது அதை எழுதியவர்கள் மொழிக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டார்கள். நான்கு ஒரு கோப்பில் தன் தமிழைத் தேடும், ஐந்து வேறொரு கோப்பில் தேடும். ஆகவே எனக்கு இரண்டு பொட்டலம் வேண்டும். புதியதற்குப் பெயர் லிப்கேள்வி5-மொழி என்று இருக்க வேண்டும். அந்த ஐந்தைப் போடாமல் பழைய பெயரையே வைத்தால், புதியதைப் பழையதன் அடுத்த பதிப்பு என்று கணினி எடுத்துக்கொள்ளும். பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வைக்கும். நான்கு தன் தமிழைத் தேடிப் பார்த்துவிட்டு, காணாமல், ஆங்கிலத்தில் பேச ஆரம்பிக்கும்.

இது எனக்குத் தெரியாதது இல்லை. வேலையைச் சரிபார்க்கும் ஒருவர் வேறு ஊரில் இருக்கிறார், முகம் பார்த்ததில்லை. ஒரு அரைப்புள்ளி இடம் மாறியிருந்தால்கூடத் திருப்பி அனுப்புவார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் அரைப்புள்ளி. அவர் ஒரே வரி எழுதினார்: "மொழிப் பொட்டலத்தின் பெயரில் ஐந்து போடுங்கள், பழைய நிரல்கள் இன்னும் இருக்கின்றன."

அதற்கு முந்தின வாரம்தான் அவர் என் மூன்று பொட்டலங்களைத் திருப்பி அனுப்பியிருந்தார். எனக்கு வயிற்றெரிச்சல். "பெயரில் எண் போட்டால் ஜெயில் கைதி மாதிரி இருக்கிறது. நான்கை இன்னும் எந்தப் புண்ணியவான் வைத்திருக்கிறான்?" என்று எழுதிவிட்டு, அவர் சரி சொல்வதற்கு முன்பே எனக்கு இருந்த உரிமையை வைத்து வெளியிட்டுவிட்டேன். அன்று ஒரு வெற்றி பெற்ற மாதிரி இரண்டு டீ குடித்தேன்.

நான்கை வைத்திருந்த புண்ணியவான் இரண்டு தெரு தள்ளி இருந்தார். பரிசோதனை நிலையத்தின் பதிவு நிரல் பழையது, நான்கில் ஓடுவது. அந்தக் கணினி இரண்டு நாளுக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை காலை அண்ணி வழக்கம்போல முதல் ஆளைப் பதிந்தார். படிவம் தமிழில்தான் இருந்தது. குழாயில் ஒட்ட எண் சீட்டும் அச்சானது. படிவத்தை மூடும்போது வரும் சின்னப் பெட்டியில் மட்டும், எப்போதும் "பத்திரப்படுத்து", "விட்டுவிடு" என்று இருக்கும் இடத்தில், இரண்டு ஆங்கிலச் சொற்கள். அண்ணி ஏதோ ஒன்றை அமுக்கினார். மூன்றாவது ஆளுக்கு அப்புறம் சந்தேகம் வந்திருக்கிறது. பக்கத்தில் கேட்க ஆள் இல்லை. எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. காரணம், முந்தின மாதம்தான் நான் கத்தியிருந்தேன்: "எதுக்கெடுத்தாலும் என்னையே கேக்காதீங்க அண்ணி, மெனுவுல உதவின்னு ஒண்ணு இருக்குல்ல!"

மெனுவில் உதவி என்று ஒன்று இருந்தது. அண்ணி அதைத் திறந்து, இருந்த பெட்டியில் தட்டச்சு செய்து அனுப்பிவிட்டார். அது எங்கள் திட்டத்தின் பிழைப் பட்டியலுக்கு வந்தது. அனுப்பியவர் பெயர் வராது, கணினியின் விவரம் மட்டும் வரும்.

"வணக்கம். இன்று காலையிலிருந்து இரண்டு பட்டன் இங்கிலீசில் இருக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை. எதை அமுக்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும். ஆட்கள் காத்திருக்கிறார்கள்."

அலுவலகத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தேன். கூடவே வந்த கணினி விவரத்தில் லிப்கேள்வி என்ற பெயரைப் பார்த்ததும் அரைப்புள்ளிதான் யாரையோ விட்டு என்னைச் சீண்டுகிறார் என்று நினைத்தேன். ஐந்து நிமிஷத்தில் பதில் போட்டேன். எவ்வளவு சுறுசுறுப்பு பாருங்கள்.

"இது எங்கள் பிழை அல்ல. அடிப்படை ஆங்கிலம்கூடத் தெரியாதவர்கள் கணினியைத் தொடாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. மூடப்பட்டது. – நுட்பன்."

"இடது பக்கம்" என்று இரண்டே சொல் எழுதியிருந்தால் போதும். அதுவரை மூன்று பேரின் பதிவுதான் போயிருந்தது.

அன்று மாலை நான் டீயும் கையுமாக ஹாலில் இருந்தபோது அண்ணி வந்தார். செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைக்கிறவர், ஒன்று வாசலிலும் ஒன்று உள்ளேயுமாக விட்டுவிட்டு நேராகக் குளியலறைக்குப் போனார். தண்ணீர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வெளியே வந்ததும் அண்ணன் கேட்டான், "என்ன, முகமே சரியில்ல?"

"பத்தொம்பது பேரைப் பதிஞ்சேன். ஒருத்தர் பேரும் உள்ள இல்ல. குழாயில ரத்தம் இருக்கு, யாருதுன்னு தெரியல. பணம் கட்டின நோட்டுல இருந்த நம்பரைப் பார்த்து எல்லாரையும் போன் போட்டு வரச் சொல்லி மறுபடியும் ஊசி போட்டாங்க. ஒரு கைக்குழந்தைக்கும் சேர்த்து. அதோட அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கே..."

"எப்படி ஆச்சு?"

"பட்டன் இங்கிலீசுல வந்துச்சு. ஒண்ணு 'கீப்'புன்னு இருந்துச்சு. கருமம், கம்ப்யூட்டர்ல போய் இந்தப் பேச்செல்லாம் எதுக்குன்னு நான் அதைத் தொடவே இல்ல. இன்னொண்ணு 'டிஸ் கார்டு'. டிஸ்னா 'இந்த'தானே? இந்தக் கார்டுன்னு பதிவுக் கார்டைத்தான் சொல்லுதுன்னு அதையே அமுக்கினேன்."

டிஸ்கார்டு என்றால் தூக்கிப் போடு. பத்தொன்பது பேரையும் அண்ணி ஒவ்வொருவராக, கவனமாக, தூக்கிப் போட்டிருக்கிறார்.

கீப் என்றதும் அண்ணன் வாய்விட்டுச் சிரித்துவிட்டான். அண்ணியும் ஒரு கணம் சிரித்தார், அப்புறம் அழுதார். காலையில் நான் மூடிய கடிதம் யாருடையது என்று எனக்கு அப்போது புரிந்தது. டீயை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன், டம்ளரில் ஒன்றும் இல்லை.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"நாளையிலேருந்து பின்னாடி குழாய் கழுவுற இடத்துக்குப் போயிருன்னாங்க. திட்டல. திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்ல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "விடுங்க அண்ணி, எல்லாம் சரியாயிரும்."

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சரி செய்தேன். பெயரில் ஐந்தைப் போட்டேன், பழைய பொட்டலத்தை மறுபடி ஏற்றினேன். முக்கால் மணி நேர வேலை. என்ன மாற்றினேன் என்று பொதுவில் ஒரு குறிப்பு எழுத வேண்டும். "சிறு திருத்தங்கள்" என்று எழுதினேன். பூசி மெழுகுவதில் எனக்கு யாரும் பயிற்சி கொடுக்க வேண்டியதில்லை. அரைப்புள்ளி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இரண்டு நாளில் நிலையத்தின் பட்டன்கள் தமிழுக்குத் திரும்பிவிட்டன. நாற்காலி திரும்பவில்லை. கவுண்டரில் புதிதாக ஒரு பெண் உட்கார்ந்தாள், ஆங்கிலம் தெரிந்தவள். தலையணை உறையை மட்டும் மடித்துக் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை அண்ணி ஒரு மெல்லிய புத்தகத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றார். முப்பது நாளில் ஆங்கிலம்.

"தம்பி, வேலையா இருக்கீங்களா? கொஞ்சம் சொல்லித் தர முடியுமா?"

"எதுக்கு அண்ணி இதெல்லாம்?"

"தெரியாம இருந்ததாலதானே இவ்வளவும். பச்சைக் குழந்தையப் போய் ரெண்டு தடவ குத்த வெச்சுட்டேனே."

தரையில் எதிரெதிரே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தேன். கீப் என்றால் வைத்துக்கொள், பத்திரப்படுத்து. சாவியை, பத்திரத்தை, மருந்துச் சீட்டைப் பற்றி அண்ணி நாள்தோறும் வீட்டில் சொல்லும் சொல் அது, பத்திரப்படுத்து. அதை அவர் வாயிலிருந்து எடுத்துத்தான் நான் அந்தப் பட்டனுக்கே போட்டிருந்தேன். இப்போது அவர் அதே சொல்லின் ஆங்கிலத்தைப் பத்து தடவை இம்போசிஷன் மாதிரி எழுதினார். கோடு போட்ட நோட்டில் எழுத்துகள் பட்டன் தைத்த மாதிரி சம இடைவெளியில் விழுந்தன.

புத்தகத்தைப் புரட்டும்போது உள்ளேயிருந்து நாலாக மடித்த தாள் ஒன்று விழுந்தது. எடுத்துப் பிரித்தேன். என் பதில். நிலையத்தின் பிரிண்டரில் அச்செடுத்து வைத்திருக்கிறார்.

"அன்னைக்கு எழுதிக் கேட்டேன் தம்பி. இவருதான் பதில் போட்டாரு. சுருக்குன்னுதான் இருந்துச்சு, அப்புறம் யாரையும் கேக்க வாய் வரல. ஆனா யோசிச்சுப் பார்த்தா அவரு சொன்னது நியாயம்தானே? சோம்பல் வரும்போதெல்லாம் இதை எடுத்துப் பார்த்துக்குவேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார், "பொட்டலம் கட்டுறவங்கள்ல ஒருத்தர் போல. உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல அண்ணி. தெரியாது," என்றேன்.

 அந்தத் தாளை நாலாக மடித்து, நானே புத்தகத்துக்குள் திரும்ப வைத்தேன்.

மூன்றாம் வாரம் என் பிழைப் பட்டியலுக்கு ஒரு கடிதம் வந்தது. மூடிய அதே புகாரின் கீழே.

"நுட்பன் அவர்களுக்கு, தங்கள் அறிவுரைக்கு நன்றி. நான் இப்போது ஆங்கிலம் கற்று வருகிறேன். என் கொழுந்தனார் சொல்லித் தருகிறார். மிகவும் பொறுமையானவர்."

அலுவலகத்தில் என் மேஜையில் உட்கார்ந்து அதைப் படித்தேன். கூனிக் குறுகிப் போனேன் என்று சும்மா எழுதுவார்கள். உண்மையிலேயே முதுகு வளைகிறது. பக்கத்து மேஜைக்காரர், "வயிறு சரியில்லையா?" என்று கேட்டார். ஆமாம் என்று அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, நேராகப் பரிசோதனை நிலையத்துக்கு நடந்தேன்.

காத்திருப்போர் பெஞ்சில் ஏழெட்டுப் பேர், முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டரம்மா கவுண்டரில் நின்று ஏதோ கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டிருக்கலாம். கேட்டால் அறைக்குள் போய் அங்கேயும் மென்று விழுங்கிவிடுவேன் என்று எனக்கு என்னைத் தெரியும். அங்கேயே ஆரம்பித்தேன். லைப்ரரி, நான்கு, ஐந்து, பெயர் எல்லாம் சொன்னேன்.

"எனக்கு மெஷின் கதையெல்லாம் புரியாது. சுருக்கமாச் சொல்லுங்க."

"ஒரு பேர்ல ஐந்துன்னு போடணும். எடுத்துச் சொன்னாங்க, நான் வீம்புக்குப் போடல. அதனாலதான் உங்க பட்டன் மாறுச்சு."

"ஒரு எண் விட்டதுக்கா பத்தொம்பது பேரை ரெண்டு தடவ குத்துனோம்?"

"அதுக்கு மட்டும் இல்ல டாக்டர். எதை அமுக்கணும்னு அண்ணி எழுதிக் கேட்டாங்க. கேட்டது என்னைத்தான். நான் சொல்லல. சொல்லாததோட நிறுத்தல, மட்டமாப் பேசினேன்." போனில் அந்தப் பதிலை எடுத்துக் காட்டினேன். அவரே வாங்கிப் பார்த்தார்.

டாக்டரம்மா என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தார். கழுவும் அறையின் வாசலில் அண்ணி நின்றுகொண்டிருந்தார். கையில் ரப்பர் உறை, முழங்கைவரை சோப்பு நுரை. எப்போதிலிருந்து நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அன்னைக்கு இந்த ஆளைத் தெரியுமான்னு கேட்டேன்," என்றார்.

"ஆமா அண்ணி."

"தெரியாதுன்னீங்க."

"ஆமா."

பட்டனைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, குழந்தையைப் பற்றியும் கேட்கவில்லை. உறையை ஒவ்வொன்றாகக் கழற்றித் தொட்டி ஓரத்தில் தொங்கவிட்டுக் கை கழுவப் போனார்.

அன்று மாலை அறையில் உட்கார்ந்து, "சிறு திருத்தங்கள்" என்ற குறிப்புக்கு மேலே புதிதாக எழுதினேன்: பெயரில் எண்ணை விட்டது என் தவறு, எச்சரித்தும் விட்டேன், பிறகு மறைத்தேன். மூடிய புகாரைத் திறந்து மன்னிப்புக் கேட்டேன். நுட்பன் என்ற பெயரை எடுத்துவிட்டேன். அரைப்புள்ளியிடமிருந்து வந்த பதில்: "பார்த்தேன், நன்றி." அவ்வளவுதான்.

திங்கட்கிழமை அண்ணிக்கு நாற்காலி திரும்பக் கிடைத்தது. புதிதாக வந்த பெண்ணை டாக்டரம்மா ரிப்போர்ட் கொடுக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டார். அண்ணி தலையணை உறையைத் துவைத்து எடுத்துக்கொண்டு போனார். வீட்டில் எனக்குச் சாப்பாடு போடுகிறார், சட்டையில் பட்டன் விழுந்தால் தைத்தும் வைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வகுப்பு நின்றுவிட்டது. அந்தப் புத்தகத்தை இப்போது தனியாகப் படிக்கிறார், பாதி தாண்டிவிட்டார். அந்தத் தாள் இன்னும் உள்ளே இருக்கிறதா என்று எடுத்துப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. தம்பி என்று கூப்பிடுவதும் நின்றுவிட்டது. "இந்தாங்க", "சாப்பிட வாங்க" என்று பெயரில்லாமலே எல்லாம் நடக்கிறது. அண்ணன் இதைக் கவனிக்கவே இல்லை.

திரையில் ஏதாவது மாறினால் அண்ணி என்னிடம் கேட்பதில்லை. உதவி என்ற மெனுவைத் திறந்து எழுதுகிறார். "அச்சிடு என்பது அச்சடி என்று ஆகியிருக்கிறது. வேலைக்குத் தடையில்லை, தகவலுக்காக." நான் எந்த வேலையிலிருந்தாலும் விட்டுவிட்டு உடனே பதில் போடுகிறேன், எதை அமுக்க வேண்டும், எந்தப் பக்கம் என்பது உட்பட. கீழே "தம்பி" என்று கையெழுத்துப் போடுகிறேன். இதுவரை ஒன்பது பதில் போயிருக்கிறது. நேற்று பத்தாவது கடிதம் வந்தது. அதுவும் "நுட்பன் அவர்களுக்கு" என்றுதான் ஆரம்பித்திருந்தது.